மாற்றவே முடியாத கடவுச்சொல்: மிராய் பாட்நெட் பரவிய விதமும் தடுக்கும் வழியும்

சிசிடிவி கேமராக்களின் காட்சியைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி உண்மையில் ஒரு சிறு லினக்ஸ் கணினி. வீட்டு ரவுட்டரும் அப்படித்தான். கீபோர்டும் மானிட்டரும் வைத்து உட்கார்ந்து வேலை செய்கிற பொருளாக இல்லாததால் யாரும் அதைக் கணினியாக நினைப்பதில்லை. இரவும் பகலும் இணைப்பில் இருக்கும். வாங்கிய நாளுக்குப் பிறகு அப்டேட் என்பதே நடக்காது. ஆன்ட்டி வைரஸ் போடவும் வழியில்லை. 2016 ஆகஸ்ட் மாதம் பரவத் தொடங்கிய மிராய் என்ற மால்வேர் இந்த மாதிரிப் பெட்டிகளுக்காகவே எழுதப்பட்டது. யாருக்கும் தெரியாத ஓட்டை எதையும் அது தேடவில்லை. தொழிற்சாலையில் வைத்துவிட்ட கடவுச்சொல்லைச் சொல்லி லாகின் செய்தது, அவ்வளவுதான். இப்படிச் சிக்கி, தாக்குபவரின் ஒரே கட்டளைக்கு ஆடும் கருவிகளின் கூட்டம்தான் பாட்நெட். அதில் ஒவ்வொரு கருவியும் ஒரு பாட்.

முதல் 20 மணி நேரத்தில் ஏறக்குறைய 65,000 கருவிகள் சிக்கின. அதன்பின் எண்ணிக்கை 2 லட்சத்துக்கும் 3 லட்சத்துக்கும் இடையில் நின்று, நவம்பர் இறுதியில் 6 லட்சத்தைத் தொட்டது. அவற்றில் நாற்பது சதவீதத்துக்கு மேல் பிரேசில், கொலம்பியா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் மட்டும் இருந்தன. இதுபற்றிய செய்திகள் பெரும்பாலும் "கடவுச்சொல்லை மாற்றுங்கள்" என்ற அறிவுரையோடு முடிந்துவிடுகின்றன. அது பாதிதான் சரி. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று தெரிய, ஒரு பெட்டி எப்படிச் சிக்குகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு டிவிஆர் சிக்கும் விதம்

ஏற்கெனவே சிக்கிய கருவி ஒன்று, ஐபிவி4 முகவரிகளை (இணையத்தில் கருவிகளின் எண் முகவரிகள்) குத்துமதிப்பாக உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின் பாக்கெட் (இணைப்பு கேட்கும் சிறு தரவுத் துண்டு) அனுப்பும். பெரும்பாலும் போர்ட் 23க்கு (போர்ட் என்பது கருவியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட கதவு). பத்தில் ஒரு தடவை 2323க்கு. இரண்டும், தொலைவிலிருந்து லாகின் செய்து கட்டளை கொடுக்க உதவும் டெல்நெட் சேவைக்குரியவை. யாருக்கெல்லாம் பாக்கெட் அனுப்பினோம் என்று நினைவில் வைத்துக்கொள்ள அந்தச் சிறு கருவியில் மெமரி போதாது. அதனால் எழுதியவர்கள் ஒரு வழி செய்தார்கள்: எந்த முகவரிக்கு அனுப்புகிறதோ, அதே எண்ணை பாக்கெட்டின் வரிசை எண்ணாகவும் போட்டுவிடும். பதிலில் அந்த எண் ஒன்று கூடித் திரும்பி வரும். அதிலிருந்து ஒன்றைக் கழித்து, பதில் அனுப்பியவரின் முகவரியோடு ஒப்பிட்டால் போதும், பட்டியல் எதுவும் வேண்டாம். இந்தச் சிக்கனமே பிறகு மிராயின் கைரேகையாகிவிட்டது. வரிசை எண்ணும் சேரிட முகவரியும் ஒன்றாக இருக்கும் பாக்கெட்டை ஆய்வாளர்கள் பார்த்தாலே, அனுப்பிய கருவி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். மேலே சொன்ன எண்ணிக்கைகள் கிடைத்ததும் இப்படித்தான்.

கதவு திறந்திருந்தால் கடவுச்சொல் முயற்சி தொடங்கும். நிரலுக்குள் 62 ஜோடிப் பெயர்களும் கடவுச்சொற்களும் இருந்தன. எல்லாவற்றையும் அது முயற்சி செய்வதில்லை. ஒரு கருவிக்கு அதிகபட்சம் 10 தடவை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எடை கொடுக்கப்பட்டிருந்தது, அதிகக் கருவிகளில் வேலை செய்யும் ஜோடி அடிக்கடி தேர்வாகும்படி. ரூட் (லினக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) என்ற பெயருக்கு 'எக்ஸ்சி3511' என்ற கடவுச்சொல் முதல் இடத்தில், அடுத்து 'விஐஇசட்எக்ஸ்வி', அப்புறம் 'அட்மின்', '888888', '123456' என்று போகும். முதல் இரண்டையும் கவனிக்க வேண்டும். அவை சோம்பேறித்தனமாக வைக்கப்பட்ட கடவுச்சொற்கள் அல்ல. கருவியை வாங்கியவர் அவற்றைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்.

லாகின் கிடைத்ததும் சிக்கிய கருவி தானாக எதையும் பதிவிறக்குவதில்லை. முகவரி, போர்ட், பெயர், கடவுச்சொல் நான்கையும், தேடிக் கண்டுபிடித்த பாட் வேறொரு சர்வருக்குத் தெரிவிக்கும். லோடர் என்ற தனி நிரல் அங்கிருந்து வந்து லாகின் செய்யும். முதலில், இத்தகைய பெட்டிகளில் அடிப்படைக் கட்டளைகளைத் தரும் பிஸிபாக்ஸ் நிரலிடம் இல்லாத ஒரு கட்டளையைக் கொடுத்துப் பார்க்கும். 'அப்படி ஒன்று இல்லை' என்ற பதில் வந்தால், பேசிக்கொண்டிருப்பது கட்டளைகளை வாங்கி நடத்தும் உண்மையான ஷெல்லோடுதான் என்று உறுதியாகும். அடுத்து எக்கோ என்ற சிறு நிரலின் கோப்புத் தலைப்பை வாசித்து, பெட்டிக்குள் இருப்பது ஆர்ம் சிப்பா, மிப்ஸா, வேறா என்று கண்டுகொள்ளும். அதற்கேற்ற பிரதியை டபிள்யூகெட் அல்லது டிஎஃப்டிபி என்ற பதிவிறக்க நிரல் வழியாக இறக்கும். இரண்டும் இல்லாத பெட்டியில், ஒரு குட்டிப் பதிவிறக்கியை எக்கோ கட்டளையாலேயே துண்டு துண்டாக எழுதி ஓட்டிவிடும்.

ஓடத் தொடங்கியதும் நிரல் தன் கோப்பை அழித்துவிட்டு மெமரியில் மட்டும் இருக்கும். தன் பெயரை அர்த்தமில்லாத எழுத்துகளாக மாற்றிக்கொள்ளும். கருவி உறைந்தால் தானாக ரீபூட் செய்யும் வாட்ச்டாக் வசதியை முடக்கும், ஏனென்றால் ரீபூட் ஆனால் தானும் அழிந்துவிடும். அதே பெட்டியில் வேறு மால்வேர் இருந்தால் அதைக் கொல்லும். டெல்நெட்டையும், அதேபோல் தொலைவிலிருந்து லாகின் செய்யும் எஸ்எஸ்எச் சேவையையும் நிறுத்திவிடும், வேறு யாரும் உள்ளே வரக் கூடாது என்பதற்காக. சோதித்துப் பார்ப்பவர்கள் பலர் ஏமாறும் இடம் இது: வெளியிலிருந்து ஸ்கேன் செய்யும்போது டெல்நெட் லாகின் கேட்கவில்லை என்பதால் கருவி பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. உள்ளே ஏற்கெனவே ஆள் இருப்பதாலும் அப்படி ஆகலாம்.

கடவுச்சொல்லை மாற்றியும் ஏன் பயனில்லை

சீனாவின் ஹாங்சோ நகரிலுள்ள சியோங்மாய் நிறுவனம் டிவிஆர்களுக்கும் கேமராக்களுக்கும் சர்க்யூட் போர்டும் மென்பொருளும் செய்து மற்ற நிறுவனங்களுக்கு விற்றது. அவர்கள் தங்கள் பெயரை ஒட்டி உலகமெங்கும் விற்றார்கள். 'எக்ஸ்சி3511' அந்தப் போர்டுகளின் ரூட் கடவுச்சொல். கருவியின் வெப் பக்கத்தில் நுழைய ஒரு கணக்கு. டெல்நெட்டில் நுழைய லினக்ஸின் ரூட் கணக்கு. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. வாங்கியவர் பொறுப்பாக வெப் பக்கத்துக்குப் போய் நீளமான கடவுச்சொல் வைத்தாலும் ரூட் கடவுச்சொல் மாறாது. அது, கருவியோடு வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிந்திருந்தது. டெல்நெட்டை நிறுத்தவும் மெனுவில் இடமில்லை. பெட்டி ஆன் ஆகும்போதெல்லாம் தொடக்க ஸ்கிரிப்ட் அதை ஓட்டிவிடும். வாசல் பூட்டை மாற்றிவிட்டு, கொல்லைப்புறச் சாவி கட்டியவரிடமே இருக்க விட்ட வீடு போல. இந்தச் சாவியோ எல்லா வீட்டுக்கும் ஒன்றே.

வாங்கியவரைக் குறை சொல்வது இந்த விஷயத்தில் அநியாயம். அவர் செய்யக்கூடிய ஒரே காரியம், அந்த டெல்நெட் கதவை வெளி உலகம் தொட முடியாதபடி ரவுட்டரில் தடுப்பது. 

சிக்கிய கருவியை ரீபூட் செய்தால் மிராய் போய்விடும் என்பது உண்மை. ஆனால் கதவு அப்படியே இருந்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? 2016 நவம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர் ராபர்ட் கிரஹாம் 55 டாலர் விலையுள்ள புதிய கேமரா ஒன்றைச் சோதனைக்காக இணையத்தில் நேரடியாக மாட்டினார். 98 நொடிகளில் முதல் மால்வேர் உள்ளே வந்துவிட்டது.

சிறு துளிகள் சேர்ந்த வெள்ளம்

2016 செப்டம்பர் 20 அன்று பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளரின் இணையதளத்தை முடக்க, சிக்கிய கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைக் கொட்டின. விநாடிக்கு 620 கிகாபிட் அளவில் வந்த தாக்குதல் அது. அதுவரை இலவசமாகப் பாதுகாப்பு கொடுத்துவந்த அகமாய் நிறுவனம் விலகிக்கொள்ள, கூகுளின் திட்டம் ஒன்று தளத்தை ஏற்றது. அதே மாதம் ஃபிரான்ஸில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனமும் அடிவாங்கியது. 1,45,607 கேமராக்களும் டிவிஆர்களும் தாக்குதலில் இருந்ததாக அதன் நிறுவனர் ஆக்டேவ் கிளாபா தெரிவித்தார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் கருவிகள் ஆளுக்கு 6 மெகாபிட் அனுப்பினால் 600 கிகாபிட். சாதாரண பிராட்பேண்டின் அப்லோடிலேயே அது அடங்கிவிடும். கேமராவின் சொந்தக்காரருக்குப் படம் வழக்கம்போல் தெரியும். நெட் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றும். பாதிப்பு வேறொருவருக்கு, கருவி இவருக்கு. இந்தப் பிரச்சினை தீராமல் இழுப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

செப்டம்பர் 30 அன்று அன்னா-சென்பாய் என்ற புனைபெயரில் மிராயின் மூல நிரல் முழுவதும் பொதுவில் வெளியிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 21 வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனம் தாக்கப்பட்டது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட், ஸ்பாட்டிஃபை, கிட்ஹப் ஆகியவற்றின் சர்வர்கள் நன்றாகவே இருந்தன. அவற்றின் பெயரை முகவரியாக மாற்றித் தருபவர்தான் கீழே விழுந்திருந்தார். மிராயிடம் இருந்த முறைகளில் ஒன்று, இலக்கின் பெயருக்கு முன்னால் 12 எழுத்துகளைத் தாறுமாறாகச் சேர்த்துக் கேட்பது. அப்படி ஒரு பெயரை இதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதால் இடைநிலை சர்வர்களிடம் பதில் சேமிப்பில் இருக்காது. ஒவ்வொரு கேள்வியும் மூல சர்வர் வரை போய்த்தான் தீரும். பதில் தாமதமானதும் உலகெங்கும் உள்ள நேர்மையான சர்வர்கள் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கின. அந்த மறுகேள்விகளே வழக்கமான அளவைப் போல 10 முதல் 20 மடங்கு சுமையைக் கொண்டுவந்ததாக டைன் பிறகு விளக்கியது. தாக்குபவரின் பாக்கெட் எது, உண்மையான வாடிக்கையாளரின் கேள்வி எது என்று பிரிப்பது அதனால் இன்னும் கடினமானது. சியோங்மாய் அமெரிக்காவில் விற்ற சில கேமராக்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததும் இந்தத் தாக்குதலுக்குப் பிறகுதான்.

மிராயை எழுதியவர்கள் பாரஸ் ஜா, ஜோசையா வைட், டால்டன் நார்மன் என்ற மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களைச் சுற்றி நடந்த வியாபாரப் போட்டியில் தொடங்கிய வேலை அது. 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2018இல் அலாஸ்கா நீதிமன்றம் ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணி நேர சமூக சேவையும் விதித்தது. டைன் தாக்குதலில் தொடர்புடைய ஒருவர், சம்பவத்தின்போது சிறாராக இருந்தவர், 2020 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

டெல்நெட்டோடு நிற்கவில்லை

மூல நிரல் வெளியானதால், கடவுச்சொல் தேவைப்படாத வழிகளை மற்றவர்கள் அதில் சேர்த்தார்கள். 2016 நவம்பர் 27 அன்று ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாமின் 9 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு இணைப்பு அறுந்தது. இணைய நிறுவனம் ரவுட்டரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் போர்ட் 7547 அங்கே வெளி உலகுக்குத் திறந்திருந்தது. வந்த கட்டளை அந்த ரவுட்டர்களைப் பிடிக்கவில்லை, செயலிழக்க மட்டுமே செய்தது. கடவுச்சொல்லை எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் அந்த வாடிக்கையாளரால் இதைத் தடுத்திருக்க முடியாது.

இந்தியாவுக்கு இது நேராக வந்த சமயமும் உண்டு. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் மோடம்கள் ஆயிரக்கணக்கில், குறிப்பாகக் கர்நாடக வட்டத்தில், மால்வேரால் முடங்கின. 'அட்மின்' என்ற பழைய கடவுச்சொல்லை உடனே மாற்றும்படி நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பின்னால் வந்த மோசி என்ற பாட்நெட்டுக்கு மையக் கட்டளை சர்வரே கிடையாது. கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அதன் பெரும்பகுதி இந்தியாவிலும் சீனாவிலும் இருந்தது. 2023 ஆகஸ்ட் 8 அன்று இந்தியாவிலும் 16 அன்று சீனாவிலும் திடீரென அடங்கியது. யாரோ அதற்கு நிறுத்தக் கட்டளை அனுப்பியிருந்தார்கள்.

வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 2024 அக்டோபரில் கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் தடுத்த 5.6 டெராபிட் தாக்குதலுக்கு மிராய் வழிவந்த 13,000 கருவிகளே போதுமாக இருந்தன. வகுத்துப் பார்த்தால் ஒரு கருவிக்கு 430 மெகாபிட் வருகிறது. ஃபைபர் இணைப்பு அப்லோடையும் வேகமாக்கிவிட்டதால், 2016இல் ஒரு லட்சம் பெட்டிகள் செய்த வேலைக்கு இப்போது ஆயிரத்து ஐந்நூறு போதும்.

சுத்தம் செய்யும் வரிசை

வரிசை தவறினால் வேலை வீண். முதலில் ரவுட்டருக்கு வரும் இணைய கேபிளைக் கழற்ற வேண்டும். அடுத்து டிவிஆர், கேமரா, ரவுட்டர் எல்லாவற்றின் மின்சாரத்தையும் துண்டித்து மறுபடி கொடுக்க வேண்டும். மெமரியில் மட்டும் இருந்தது இதில் போய்விடும். 2018இல் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் போன்ற சில மால்வேர்கள் ரீபூட்டையும் தாண்டி நிற்கும் என்பதால், ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து, புதிய ஃபர்ம்வேரை வேறு இணைப்பில் இறக்கி ஏற்றுவது நல்லது. கேபிள் கழன்றிருக்கும்போதே கடவுச்சொற்களை மாற்றி, 'ரிமோட் மேனேஜ்மென்ட்', யூபிஎன்பி இரண்டையும் அணைக்க வேண்டும். யூபிஎன்பியை விட்டுவைத்தால், நீங்கள் மூடிய போர்ட்டை டிவிஆர் தானே ரவுட்டரிடம் கேட்டு மறுபடி திறந்துகொள்ளும்.

பிறகு ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியல், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே எந்தக் கருவிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் பட்டியல். கேமரா மாட்டியவர் வைத்துவிட்டுப் போன வரிகள் இங்கேதான் இருக்கும்: 80, 8080, 554, சியோங்மாய் வகைக்கு 34567, டாஹுவா வகைக்கு 37777. சிலர் ஒவ்வொன்றாகப் போடச் சோம்பி, டிவிஆரை அப்படியே டிஎம்இசட்டில் வைத்துவிடுவார்கள். அப்போது டெல்நெட் உட்பட அதன் எல்லாப் போர்ட்டும் வெளியே தெரியும். பார்த்த உடனே நீக்க வேண்டியது இது.

இன்னும் கேபிளை மாட்டாமல், லேப்டாப்பிலிருந்து என்மேப் நிரலால் டிவிஆரின் 22, 23, 2323 போர்ட்களைச் சோதியுங்கள். இப்போது உள்ளே மால்வேர் இல்லாததால் கிடைக்கும் விடை உண்மையானது. 23 திறந்திருந்து, மெனுவில் அணைக்க வழியும் இல்லை என்றால் அந்தக் கருவி இணையத்துக்கு நேராக ஒருபோதும் தெரியக் கூடாது. கடைசியாகக் கேபிளை மாட்டி, வேறொரு இணைப்பிலிருந்து உங்கள் பொது ஐபியை அதே போர்ட்களுக்கும் 7547க்கும் சோதிக்க வேண்டும்.

ரவுட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது இணைய நிறுவனம் அதற்குத் தரும் முகவரி, 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், நீங்கள் அந்த நிறுவனத்தின் பொது முகவரி ஒன்றுக்குப் பின்னால் பலரோடு பகிர்ந்து இருக்கிறீர்கள். ஐபிவி4 வழியாக வெளியார் நேரே தட்ட முடியாது. கடை கேமராவை ஊரிலிருந்து பார்க்க வேண்டும் என்று தனியாகப் பணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வாங்குபவர்கள் அந்தத் திரையை விலக்கிவிடுகிறார்கள். அவர்களுக்குத்தான் மேலே சொன்னது அவசரம். ஐபிவி6 (புதிய வகை முகவரி) இருந்தால் அதற்கான ஃபயர்வால் ரவுட்டரில் ஆனாகி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்கச் சிறந்த வழி, ரவுட்டரில் வயர்கார்டு போன்ற விபிஎன் (மறைகுறியிட்ட தனி இணைப்பு) வைத்து, முதலில் அதற்குள் நுழைந்து பிறகு டிவிஆரைத் திறப்பது. க்யூஆர் கோடு ஸ்கேன் செய்ததும் உற்பத்தியாளரின் சர்வர் வழியாக வேலை செய்யும் பி2பி கிளவுட் வசதிக்கு ஃபார்வர்டிங் தேவையில்லைதான். ஆனால் சியோங்மாயின் அந்தச் சேவையில் கருவி எண்களை ஊகிக்க முடிகிறது என்றும் அட்மின் கணக்குக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் கருவிகள் வருகின்றன என்றும் எஸ்இசி கன்சல்ட் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2018இல் காட்டியது. பி2பி தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

கேமராக்களைத் தனி விலேனிலோ (ஒரே வலைக்குள் பிரித்த தனிப் பகுதி), முடியாவிட்டால் விருந்தினர் வைஃபையிலோ பிரித்து, அங்கிருந்து வெளியே போகும் 23, 2323 போர்ட்களைத் தடுத்தால், ஒன்று சிக்கினாலும் அது டெல்நெட் வழியாக வேறு கருவிகளைத் தேடிப் பரவ முடியாது. பிஓஇ போர்ட்கள் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தருபவை) உள்ள என்விஆர் (நெட்வொர்க் கேமராக்களுக்கான பதிவுப் பெட்டி) என்றால் கேமராக்களை அதிலேயே மாட்டுவது எளிது. அவை உள் வலையிலேயே இருந்துவிடும். ரவுட்டரின் செஷன் பட்டியலில் ஒரே கருவி நூற்றுக்கணக்கான அந்நிய முகவரிகளின் போர்ட் 23ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை, அது சிக்கிவிட்டது.

இத்தனைக்கும் அடங்காத ஒரு வகை உண்டு. பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகள் சில, விற்பனைக்கு வரும்போதே மால்வேரோடு வருகின்றன என்று பேட்பாக்ஸ் 2.0 என்ற பாட்நெட் குறித்து எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. உள்ளேயிருந்து வெளியே பேசும் பெட்டிக்கு வாசலைப் பூட்டிப் பயனில்லை. அதைக் கழற்றி வைப்பதுதான் ஒரே வழி.

சட்டங்கள் தாமதமாகத்தான் வந்தன. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி முதலும் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதலும், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதற்குத் தடை இருக்கிறது. பிரிட்டன் சட்டம் ஒரு படி மேலே போய், எத்தனை நாள்வரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. இரண்டில் இதுவே பெரிய காரியம் என்று சொல்ல வேண்டும். இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கான பாதுகாப்புத் தேவைகளும் பரிசோதனையும் 2025 ஏப்ரல் முதல் கட்டாயம். புதிதாக வாங்குபவர் கடையில் அந்தச் சான்றைக் கேட்கலாம். அப்டேட் எத்தனை ஆண்டு வரும், டெல்நெட்டை அணைக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். ஏற்கெனவே வாங்கி மாட்டியதைச் சோதிக்க, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் உள்ளன. ஆனால் அவை கணினிக்கும் போனுக்கும் உரியவை. டிவிஆரைப் பொறுத்தவரை மேலே சொன்ன கேபிள், ரீபூட், என்மேப் வரிசைதான்.